ரைஃபிள் போல்ட்: துடைப்பது யார் வேலை, மாற்றுவது யார் வேலை?

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஒரு புள்ளியைத் தீர்மானிக்கும் சின்ன இரும்புத் துண்டு. அதைச் சுத்தமாக வைத்திருப்பது வீரரின் கடமை. அதில் அரம் வைத்தால் அது குற்றம். நடுவில் இருக்கும் இடைவெளியை யார் நிரப்புவது?

பூந்தமல்லியில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட் ரொம்ப தூரமில்லை. இரும்பைத் தலைமுடி அளவுக்குக் கூடச் செதுக்கித் தரும் லேத் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கார் உதிரி பாகம், பம்ப் ஷாஃப்ட், அச்சு இயந்திரத்தின் பல் சக்கரம் என எதைக் கொண்டு போனாலும் வேலை முடிந்து கைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு பொருளை மட்டும் அந்தப் பட்டறை மேஜையில் வைக்கக் கூடாது. அது ரைஃபிளின் போல்ட்.

“அண்ணே, இதோட மூஞ்சியில ரெண்டு தௌ மட்டும் எடுத்துக் கொடுங்க” என்று கேட்கும் வீரருக்கு அது சாதாரண வேலையாகத் தெரியலாம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத்காரருக்கு அது தினசரிக் கணக்கு. சட்டத்தின் பார்வையில் இருவரும் செய்தது உரிமம் இல்லாத ஆயுத வேலை. பாதுகாப்பின் பார்வையில், அடுத்த முறை டிரிகரை அழுத்தும்போது கண்ணுக்கு அரை அடி தூரத்தில் இருக்கும் ஒரு தாழ்ப்பாளைத் தளர்த்திவிட்டார்கள்.

ஏர் ரைஃபிளில் தொடங்கி அடுத்த கட்டத்துக்குப் போகும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குச் செலவு செய்யும் பெற்றோருக்கும் இந்த விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, விளையாட்டுச் சங்கமும் அரசும் இதில் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

போல்ட் என்றால் என்ன?

வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். முன்னே தள்ளி, கீழே திருப்பினால் கதவு பூட்டிக்கொள்ளும். போல்ட் ரைஃபிளிலும் அதேதான் நடக்கிறது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சேம்பர் திறக்கும். தோட்டாவை வைத்து, முன்னே தள்ளிக் கீழே இறக்கினால் சேம்பர் பூட்டிக்கொள்ளும்.

அந்த உருளைக்குள் நான்கு முக்கிய வேலைகள் நடக்கின்றன. ஃபயரிங் பின் என்ற ஊசி தோட்டாவின் பின்பக்கத்தை அடித்துத் தீ மூட்டுகிறது. அந்த ஊசியை முன்னே விரட்டுவது ஒரு ஸ்பிரிங். எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி, சுட்டு முடிந்த காலி கேஸைப் பிடித்து வெளியே இழுக்கிறது. போல்ட்டின் உடலில் துருத்தி நிற்கும் பூட்டுப் பற்கள், வெடிப்பின் அழுத்தம் பின்னால் வராமல் தாங்குகின்றன.

50 மீட்டர் போட்டிகளில் பயன்படும் பாயிண்ட் 22 தோட்டாவுக்கு ஒரு தனி குணம் உண்டு. பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் தீ மூட்டும் மருந்து நடுவில் இருக்கும். இதில் பின்பக்க விளிம்புக்குள் சுற்றிலும் பரவி இருக்கும். எனவே ஊசி நடுவில் அடிப்பதில்லை, விளிம்பை நசுக்குகிறது. அந்த நசுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். போல்ட் பராமரிப்பின் நோக்கமே இந்த ஒரே சீர்தான்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாயிண்ட் 22 ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுவது அங்கே பால பாடம். புல்-த்ரூ கயிறும் ஃபிளானல் துணியும் பலருக்கு இன்றும் நினைவிருக்கும்.

ஒரு புள்ளியின் விலை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 50 மீட்டர் ரைஃபிள் 3 பொசிஷன் போட்டியில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் தலா 20 ரவுண்டு, மொத்தம் 60. அதாவது 60 முறை போல்ட்டைத் திறந்து மூட வேண்டும்; குறி சரிபார்க்கச் சுடும் ரவுண்டுகள் தனி.

தகுதிச் சுற்றில் ஸ்வப்னில் எடுத்தது 590. ஏழாவது இடம், இறுதிச் சுற்றுக்குத் தகுதி. அதே சுற்றில் இன்னொரு இந்தியரான ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் எடுத்தது 589. அவருக்குக் கிடைத்தது 11-வது இடம். 600-க்கு ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஒருவருக்குப் பதக்க மேடை, இன்னொருவருக்கு வீடு திரும்பும் விமானம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி கொஞ்சம் மெதுவாக அடித்ததால் மருந்து சீராகப் பற்றாமல், வேகம் 10 மீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? இலக்கை அடைய எடுக்கும் நேரம் கூடும். அதனால் தோட்டா கூடுதலாகச் சுமார் 7 மி.மீ. கீழே இறங்கும். நடுவில் விழ வேண்டிய ரவுண்டு வளையத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படும். அதோடு மனிதக் கையின் சின்ன நடுக்கமும் சேர்ந்தால் 10 என்பது 9 ஆகிவிடும்.

வீரர் தன் மூச்சையும் கையையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். தவறு ஒரு களைத்துப்போன ஸ்பிரிங்கில் இருக்கும்.

கருவி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோவே சாட்சி. 2021 ஜூலை 25 அன்று, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லிவர் உடைந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. கூடுதல் நேரம் தரப்படவில்லை. 575 புள்ளிகளுடன் 12-வது இடம். இறுதிச் சுற்றை 2 புள்ளிகளில் தவறவிட்டார். அது ஏர் பிஸ்டல், அதில் இந்த வகை போல்ட் கிடையாது. ஆனால் பாடம் ஒன்றுதான்: உள்ளங்கையில் அடங்கும் ஒரு உதிரி பாகம் பல வருடப் பயிற்சியை ஒரே காலையில் கரைத்துவிடும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

போல்ட்டில் செய்யும் வேலைகளை டிராஃபிக் சிக்னல் போலப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

பச்சை: வீரரே செய்ய வேண்டியது

முதல் வேலை எப்போதும் பாதுகாப்பு. தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டே போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். ரேஞ்சில் சுடாத நேரத்தில் போல்ட் திறந்தே இருக்க வேண்டும். சேம்பருக்குள் பளிச்சென்ற நிறத்தில் சேஃப்டி ஃபிளாக் செருகப்பட்டிருக்க வேண்டும். இது சர்வதேச விதி. மாவட்ட அளவிலான கிளப்பிலும் இதில் சமரசம் கூடாது.

அடுத்தது துடைப்பது. பாயிண்ட் 22 தோட்டாவின் மேல் மெழுகு அல்லது கிரீஸ் பூச்சு இருக்கும். சுடச்சுட அந்தப் பூச்சும், ஈயத் துகளும், மருந்துக் கரியும் கலந்து போல்ட்டின் முகத்திலும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் அப்பிக்கொள்ளும். கொக்கி முழுசாக மூடாவிட்டால் காலி கேஸ் வழுக்கிவிடும். நைலான் பிரஷ், சுத்தமான பருத்தித் துணி, கொஞ்சம் துப்பாக்கி கிளீனர் ஆகிய மூன்றும் போதும்.

பிறகு எண்ணெய். இங்கேதான் நிறைய பேர் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்தும் சரிவிலும், பூட்டுப் பற்களின் பின்புறத்திலும் மட்டும் தீக்குச்சித் தலை அளவு கிரீஸ். மற்ற இடங்களில் துணியால் தடவிய மெல்லிய எண்ணெய்ப் படலம். ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் தேங்கவே கூடாது. அங்கே தேங்கும் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் காய்ந்தால் பிசுபிசுக்கும்; அது இந்த வேலைக்கு ஆகாது. துரு நீக்கும் ஸ்பிரே துருவைத் தளர்த்தத்தான். அதை நம்பி போல்ட்டை மாதக்கணக்கில் விட்டுவைக்க முடியாது.

சென்னைக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. காற்றின் ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இது உச்சத்தில் இருக்கும். பைக்கில் நனைந்து வந்து, ஸ்பாஞ்ச் வைத்த ஹார்ட் கேஸை அப்படியே மூடிப் பரணில் வைத்தால், ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் போல்ட்டின் மேல் காவிப் புள்ளிகள் தெரியும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, எண்ணெய்த் துணி தடவி, சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பதுதான் வழி. போல்ட்டைத் தனியாகக் கழற்றி, ரைஃபிளில் இருந்து வேறு பூட்டில் வைப்பது இன்னும் நல்லது. துருவும் பிடிக்காது, வேறு கைக்குப் போனாலும் அந்த ரைஃபிள் சுடாது.

கடைசியாக, கவனிப்பது. சுட்ட காலி கேஸ்களை வீசிவிடாமல் பத்தை எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கலாம். விளிம்பில் ஊசி பதித்த தடம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா? ஒன்றில் ஆழம், ஒன்றில் மேலோட்டம் என்றால் ஸ்பிரிங்கோ ஊசியோ பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இலக்கில் ரவுண்டுகள் பக்கவாட்டில் சரியாக இருந்து, மேலும் கீழுமாக மட்டும் சிதறினாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

மஞ்சள்: நிபுணர் முன்னிலையில் செய்ய வேண்டியது

ஸ்பிரிங், ஊசி, எக்ஸ்ட்ராக்டர் மூன்றும் தேயும் பாகங்கள். பைக்கின் பிரேக் ஷூ மாதிரி, காலம் வந்தால் மாற்றியே ஆக வேண்டும். தயாரிப்பாளரின் அசல் பாகத்தை, அவர்களின் கையேடு சொல்லும் முறையில், தெரிந்த ஆர்மரர் மாற்றித் தர வேண்டும். எத்தனை ரவுண்டு சுட்டது, எப்போது எது மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டில் அல்லது ஃபோனில் எழுதி வைக்கும் பழக்கம் இங்கே ரொம்ப உதவும்.

உள்ளே தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகும் டிரை ஃபயரிங்கும் மஞ்சள்தான். விளிம்பில் அடிக்கும் வகை ரைஃபிளில், நசுங்க விளிம்பு இல்லாவிட்டால் சில மாடல்களில் ஊசி நேராகச் சேம்பரின் ஓரத்தில் மோதும். ஊசி மழுங்கும், சேம்பர் ஓரத்தில் வடு விழும். அதற்கான தனிப் பாகம் உள்ள ரைஃபிளில் மட்டுமே இந்தப் பயிற்சி. எது அந்த ரைஃபிள் என்பதைக் கையேடு சொல்லும், யூடியூப் சொல்லாது.

கைப்பிடியின் குமிழைப் பெரிதாக மாற்றுவது இந்த எல்லையில் வரும் எளிய மாற்றம். நீண்ட போட்டியில் தோளை அசைக்காமல் போல்ட்டைத் தூக்க இது உதவும். குமிழ் வெளியே இருப்பது. வெடிப்பைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை.

சிவப்பு: தொடவே கூடாதது

போல்ட்டின் முகத்தைத் தேய்ப்பது, பூட்டுப் பற்களைக் கிரைண்ட் செய்வது, ஊசியின் நீளத்தை மாற்றுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது அல்லது கிடைத்த கனமான ஸ்பிரிங்கைத் திணிப்பது. “போல்ட் ஸ்மூத்தா ஆகும், ஊசி வேகமா அடிக்கும்” என்பதுதான் பொதுவாக இதற்குச் சொல்லப்படும் காரணம்.

அதில் பாதி உண்மை உண்டு. டிரிகர் விடுபட்டதில் இருந்து ஊசி அடிக்கும் வரையிலான நேரம் குறைந்தால் குறி விலகும் வாய்ப்பு குறையும். உலகத் தரமான ரைஃபிள்கள் லேசான ஊசியோடு வருவது அதனால்தான். ஆனால் ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் போல்ட்டைத் தூக்கவே கூடுதல் பலம் வேண்டும். ஊசி மோதும் அதிர்வும் கூடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

மிச்சப் பாதி ஆபத்து. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். பாயிண்ட் 22 ரைஃபிளில் அது ஏறத்தாழ 1.1 மி.மீ. அந்த ரெண்டு தௌ என்பது 0.05 மி.மீ. கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் இடைவெளி அளவுக்கு மீறிக் கூடினால், தோட்டாவின் மெல்லிய பித்தளை விளிம்பைப் பின்னால் தாங்க ஆள் இருக்காது. அது கிழிந்தால் சூடான வாயுவும் துகளும் வீரரின் முகத்தை நோக்கித்தான் வரும்.

எவ்வளவு அழுத்தம்? கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. பாயிண்ட் 22 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 24,000 பி.எஸ்.ஐ. அதாவது சுமார் 750 மடங்கு. ‘சின்ன துப்பாக்கிதானே’ என்ற நினைப்புக்கு இந்த எண் பதில்.

பழைய ராணுவ ரைஃபிள்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கழலும். 0, 1, 2, 3 என்று எண் போட்ட வெவ்வேறு அளவுகளில் அது வந்தது. இடைவெளி கூடிவிட்டால் ஆர்மரர் அளவுகோல் வைத்துப் பார்த்து, பொருத்தமான தலையை மாற்றுவார். யாரும் தேய்க்கவில்லை, அளந்தார்கள். போல்ட்டின் மேலும் ரைஃபிளின் உடல் மேலும் ஒரே எண் பொறிக்கப்பட்டதும் இதற்காகவே. ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் போடக் கூடாது என்பது ஆயுதக் கிடங்கின் முதல் விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். அதாவது ரைஃபிளில் இருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கும் போல்ட்டும் சட்டப்படி ஆயுதம்தான். சும்மா ஒரு இரும்பு உருளை என்று சொல்லித் தப்ப முடியாது.

அதே சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதையும் விற்பதையும் மட்டும் தடுக்கவில்லை. மாற்றி அமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது ஆகியவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறுவோருக்கு 25-வது பிரிவின்படி குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஆயுள் சிறை. நூறு, இருநூறு ரூபாய் கூலிக்கு போல்ட்டைத் தேய்த்துக் கொடுக்கும் லேத்காரர், தான் எந்த நெருப்பில் கை வைக்கிறார் என்று தெரியாமலே வைக்கிறார். துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட எண்ணை அழிப்பதும் திருத்துவதும் 8-வது பிரிவின்படி தனிக் குற்றம். பாலிஷ் போடும்போது எண் தேய்ந்துபோனாலும் கேள்வி வரும்.

உரிமம் யாரிடம் வாங்குவது? பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பலர் நினைப்பதுண்டு. காவல் ஆணையர் உள்ள பகுதியில் ஆணையரே உரிமம் தரும் அதிகாரி என்கிறது சட்டம். 2022 ஜனவரியில் ஆவடி தனி ஆணையரகமானது. பூந்தமல்லி அதன் எல்லைக்குள் வருகிறது.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் உடனே வராது. 0.177 அங்குலக் குழலும், 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. பாயிண்ட் 22-க்கு மாறும் நாளில்தான் சட்டத்தின் முழு எடையும் தோளில் ஏறுகிறது. அந்த மாற்றத்தின்போது, எப்படிக் குறி பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு, போல்ட்டில் எதைத் தொடக் கூடாது என்றும் கிளப்கள் சொல்லித் தர வேண்டும்.

சட்டம் இவ்வளவு கடுமையா இருக்கணுமா?

இருக்க வேண்டும். பிகாரின் முங்கேர் போன்ற இடங்களில் கள்ளப் பட்டறைத் துப்பாக்கிகள் எப்படிப் பெருகின என்பது நாடறிந்த கதை. நம் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும் செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல லேத்தும் திறமையான கையும் இருக்கும் ஊரில், ஆயுத வேலைக்குக் கதவு சற்றே திறந்தாலும் விளையாட்டு வீரர் மட்டும் உள்ளே வர மாட்டார்.

ஆனால் கடுமையான சட்டம் நியாயமாக நடக்க, நேர்மையாக நடக்க விரும்புகிறவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். ஒரு பூந்தமல்லி வீரரின் ரைஃபிளில் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனித் தயாரிப்பாளருக்கு போல்ட்டை அனுப்பலாமா? ஆயுதத்தின் பாகம் நாட்டை விட்டுப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் தனி உரிமம் வேண்டும். இன்னொரு ரைஃபிள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? தேர்ந்த வீரர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சாதாரண உரிமதாரருக்கு 2019 திருத்தம் இரண்டு துப்பாக்கி என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு இடம் கொடுத்தாலும் பாக்கெட் இடம் கொடுக்காது. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிகள் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் காவலுக்கு வைத்திருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சரிசெய்வதும், ஒலிம்பிக் தர ரைஃபிளின் ஊசியை அளந்து மாற்றுவதும் ஒரே வேலை அல்ல.

வழி தெரியாதவர் என்ன செய்வார்? போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, “தெரிஞ்ச லேத் ஒண்ணு இருக்கு” என்று யாராவது சொன்னால் போய்விடுவார். தவறு அவருடையதுதான். ஆனால் அவரை அந்தத் தெருவுக்குத் தள்ளியது அமைப்பின் மெத்தனம்.

கைகள் இங்கேயே இருக்கின்றன

வேடிக்கை என்னவென்றால், ஆயுதத்தின் இரும்பை அறிந்த கைகள் இந்த மேற்குப் புறநகரில்தான் நிறைய. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் விஜயந்தா டாங்க் செய்தது. டி-72, டி-90, அர்ஜுன் என்று அந்த வரிசை தொடர்ந்தது. பக்கத்திலேயே போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். 2021-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடிக்கே வந்தது. ரைஃபிள் செய்யும் அரசுத் தொழிற்சாலை திருச்சியில் இருக்கிறது. சென்னையும் திருச்சியும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனையங்கள்.

பூந்தமல்லிக்கும் இது அந்நியமில்லை. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைகளின் முகாமாக இருந்த ஊர் இது. இன்று தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 13-வது அணி இங்கேதான் இருக்கிறது. ஆவடியிலும் அணிகள் உண்டு. துப்பாக்கிகள் இருக்கும் ஒவ்வொரு படையிலும் அவற்றைக் கவனிக்கும் ஆர்மரர்கள் இருப்பார்கள். அவர்கள் ஓய்வு பெறும்போது, அந்த அனுபவமும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

வேறு நாடுகளில் இந்த அனுபவம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பிரிட்டனின் மால்கம் கூப்பர் 1984-லும் 1988-லும் 50 மீட்டர் 3 பொசிஷனில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சின்ன நிறுவனம்தான் ‘அக்யுரசி இன்டர்நேஷனல்’. பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே ரைஃபிள் செய்து கொடுத்தது. பிரிட்டனில் துப்பாக்கிச் சட்டம் தளர்வானது அல்ல. அங்கேயும் பதிவு பெறாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஆனால் பதிவு பெறுவதற்கான கதவு எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அதனால் சுடுகிறவரும் செய்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார முடிந்தது.

என்ன செய்யலாம்?

புதிய சட்டம் தேவையில்லை. பழுதுபார்ப்புக்கான உரிமம் சட்டத்திலேயே இருக்கிறது. தேவை, அதைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது.

ஒன்று, மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கம், காவல் துறையின் ஆர்மரர்களோடு சேர்ந்து ஒவ்வொரு போட்டிப் பருவத்துக்கும் முன் ஒரு சோதனை முகாம் நடத்தலாம். சென்னை, திருச்சி, கோவை, மதுரை என்று நான்கு இடங்களில் ஒவ்வொரு நாள். ஹெட்ஸ்பேஸ் அளப்பது, ஸ்பிரிங்கின் பலம் பார்ப்பது, எக்ஸ்ட்ராக்டரைச் சரிபார்ப்பது. இதற்குப் பெரிய செலவில்லை. சில அளவுகோல்களும் ஒரு மேஜையும் போதும்.

இரண்டு, மேற்குப் புறநகரில் விளையாட்டு ரைஃபிளுக்கு என்றே ஒன்றிரண்டு பழுதுபார்ப்பு உரிமங்களை, தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். ஓய்வு பெற்ற ஆர்மரரும், நுண் வேலை தெரிந்த ஒரு பட்டறையும் இணைந்தால் அது சாத்தியம். கேமரா, பதிவேடு, மாதாந்திரப் போலீஸ் ஆய்வு என்று எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் போடலாம். நிபந்தனை அதிகமாக இருப்பது பிரச்சினையே இல்லை. எங்கும் கதவே தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

மூன்று, அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடத்தில், திருச்சித் தொழிற்சாலையின் உதவியோடு, ஆர்மரர் வேலைக்கு ஒரு குறுகிய காலச் சான்றிதழ் படிப்பு தொடங்கலாம். காவல் துறைக்கும், துணை ராணுவப் படைக்கும், விளையாட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் கிடைக்கும். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்றால் டாங்க்கும் ட்ரோனும் மட்டும் அல்ல. இந்தத் திறமையும் அதில் சேர வேண்டும்.

நான்கு, கிளப்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே போல்ட்டைக் கழற்றவும் துடைக்கவும் மாட்டவும் கற்றுத் தர வேண்டும். அதோடு, அரம் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் நடிகர் அஜித் குமார் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது கூடிய கூட்டம், இந்த விளையாட்டின் மேல் இளைஞர்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று காட்டியது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளைத் தமிழ்நாடு நடத்தியது. ஆர்வத்தை வளர்த்துவிட்டு, கருவியைப் பார்த்துக்கொள்ள வழி சொல்லாமல் விட்டால், அந்த ஆர்வம் தவறான பட்டறையில் போய் நிற்கும்.

அதுவரை, உரிமம் வைத்திருப்பவர் மூன்று விஷயங்களை மனதில் வைத்தால் போதும். துணியும் பிரஷும் தன் கையில் இருக்கட்டும். ஸ்பிரிங்கும் ஊசியும் ஆர்மரரின் கைக்குப் போகட்டும். போல்ட்டின் இரும்பில் இருந்து ஒரு துகள் கூட உதிர வேண்டாம். ஒரு புள்ளியை அடுத்த போட்டியில் திரும்ப எடுத்துவிடலாம். கண்ணையும் உரிமத்தையும் இழந்தால் அப்படித் திரும்ப எடுக்க முடியாது.